நடு ப்ளக்

அந்த வேனை நான் விற்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் மாமா இந்தக் கதையை எங்கே ஆரம்பித்தாலும், விற்றுத் தொலைத்திருக்க வேண்டிய வண்டி என்றுதான் ஆரம்பிக்கிறார்.

போன மாதம் காதுகுத்து வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடியும் சொன்னார். ஆறு டீச்சர்கள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மலைப்பாதையில் என் வேனைத் தள்ளிக்கொண்டே போனார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அதற்காக எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்லும் விதம் அப்படி, எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் தள்ளியது ஒரே ஒரு நாள். மற்ற நாள்களில் இறங்கி நடந்தார்கள். அது மட்டுமில்லை, மாமா முடிக்கும் இடத்துக்குப் பிறகுதான் கதையே இருக்கிறது. அதை நான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

வேன் வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் நான் மாமாவின் டிராக்டரை ஓட்டினேன். கரும்பு வெட்டுக் காலத்தில் விடிகாலையில் சாவி வாங்குவேன், இருட்டியதும் பின்வாசல் வழியாகப் போய்க் கொடுப்பேன். யாராவது வந்திருந்தால் மாமா என்னைக் காட்டி, "நம்ம டிரைவரு" என்பார். தங்கச்சி வீட்டுக்காரர் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உங்கள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். வேன் வாங்கிய பிறகுதான் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். அதனால் டீச்சர்கள் தள்ளிய அந்தக் கார்த்திகை மாதத்தில் எனக்கு இருந்த கேள்வி வண்டி ஓடுமா ஓடாதா என்பது மட்டும் இல்லை. வண்டி போனால் நான் மறுபடியும் அந்தப் பின்வாசலுக்குப் போக வேண்டும்.

நம் வேன் பெட்ரோல் வண்டி. மூன்று சிலிண்டர். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர்கள் இட்லிப் பானை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். தினமும் காலையில் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் ஆறு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு, அணையைத் தாண்டி, மலையேறி, கரியாலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். இந்த ஒரு டிரிப்தான் என்னை டிராக்டரிலிருந்து இறக்கியது.

ப்ளக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் என் தப்பு எவ்வளவு பெரிய தப்பு என்று புரியாது. ஒரு சிலிண்டருக்கு ஒரு ப்ளக். விரல் நீளம் இருக்கும். மேலே வெள்ளைப் பீங்கான், கீழே இன்ஜினுக்குள் திருகுவதற்கு மரை. அடி நுனியில், பீங்கானுக்கு நடுவிலிருந்து ஒரு கம்பி எட்டிப் பார்க்கும். அதற்கு எதிரே இன்னொரு கம்பி வளைந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்குத்தான் சந்து. மின்சாரம் அந்தச் சந்தைத் தாண்டும்போது பொறி பறக்கும். அந்தப் பொறியில்தான் பெட்ரோல் பற்றுகிறது. வண்டி ஓடும்போது நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் தாண்டுகிறது. தாண்டத் தாண்ட அந்தக் கம்பி தேயும். எழுதி எழுதி மழுங்கிய பென்சில் மாதிரி ஆகிவிடும், சந்தும் பெரிசாகிவிடும். அப்போது புது ப்ளக் போட வேண்டும். இது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும் விஷயம். எனக்குப் புரியவில்லை.

எனக்குப் புரியாததற்குக் காரணம் மொபட். நம் பக்கத்தில் மொபட் ஓட்டுகிறவன் எவனும் ப்ளக்கை மாற்ற மாட்டான். கழற்றி அடுப்பில் போடுவான். ஆயில் கரியெல்லாம் எரிந்து ப்ளக் சிவந்துவிடும். எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மாட்டி, ஒரு மிதி மிதித்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்தவன்தான் வண்டிக்காரன், ப்ளக்கைக் கடையில் வாங்குகிறவன் ஊதாரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வேன் வாங்கி நான்கு வருஷம் ஆகியும் புது ப்ளக் போடவில்லை, அதையே பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் வேனின் மூன்று ப்ளக்கையும் கழற்றி நம் விறகடுப்பில் போட்டேன். உங்கள் அம்மா அதிரசத்துக்கு எண்ணெய்ச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாங்க, பலகாரத்தோட இதையும் சுட்டு எடுக்கணுமா?" என்றாள்.

"ரெண்டு நிமிசம் புள்ள."

"எண்ண காயணும், தள்ளுங்க."

அவள் அவசரப்படுத்தியதால் இடுக்கியால் மூன்றையும் எடுத்தேன். செக்கச்செவேல் என்று இருந்தன. ஆறும்வரை வைக்க இடம் இல்லை. பக்கத்தில் கழுநீர்க் குண்டான் இருந்தது. அதில் போட்டேன். மூன்றும் சுர்ரென்று சத்தம் போட்டன.

"ஐயய்யோ, மாடு குடிக்கிற தண்ணி அது" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். அன்றைக்கு மாடு கழுநீரில் வாய் வைக்கவில்லை. நீங்கள் அதை மறந்திருப்பீர்கள், அம்மா மறக்கவில்லை.

நான் ப்ளக்குகளைப் பளபளவென்று தேய்த்து, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடை நுழைத்துச் சந்தைச் சரிபார்த்து, மாட்டிவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு பத்து நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

கார்த்திகை பிறந்து மலையில் மஞ்சு, அதான் பனிமூட்டம், இறங்கிய பிறகுதான் வந்தது வினை. மூன்றாவது வளைவு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், போன கோடையில் அருவிக்குப் போகும்போது தம்பி வாந்தி எடுத்தானே, அங்கேதான். அந்த ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி சீறாமல் திக்கியது. டக், டக் என்று உதறியது. பேச்சு வராமல் திணறுகிற ஆள் மாதிரி. இரண்டாவது கியரில் இழுக்கவில்லை. முதல் கியரிலும் நத்தை மாதிரி ஊர்ந்து நின்றுவிட்டது.

"இறங்கணுமா டிரைவரு?" என்று பெரிய மேடம் கேட்டார். அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. நம் வண்டியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கொஞ்ச தூரம் மேடம். வளைவு தாண்டுனதும் ஏறிக்கலாம்."

ஆறு பேரும் மஞ்சில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வெறும் வண்டி உதறிக்கொண்டே ஏறி, மேலே போய் நின்றது. மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள் வெறும் வண்டிகூட ஏறவில்லை. அன்றைக்குத்தான் தள்ளினார்கள். முன்சீட்டில் உட்காரும் கணக்கு டீச்சர் தள்ளும்போதே, "அண்ணா, எங்களுக்கு நீங்க சம்பளம் தரணும்" என்றது. பின்னாலிருந்து இன்னொரு டீச்சர், "பேசாம வண்டிய நாம தலையில ஏத்திக்கினு போவலாம்" என்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி வேடிக்கை பார்த்தான். அவன் கீழே போய்ச் சொல்லித்தான் மாமாவுக்குத் தெரிந்தது.

நான் பெட்ரோலைக் குறை சொன்னேன். பங்க்கில் ஏதோ கலக்கிறான், தண்ணி இறங்கியிருக்கிறது, மழைக்காலம் என்று தினமும் சொன்னேன். பெரிய மேடமும் அந்த பங்க்குக்காரரைத் திட்டினார். வேனே சேர்ந்து திட்டியது. ப்ளக்காக இருக்குமோ என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. அதைத்தான் தீபாவளிக்கே சுட்டுத் தேய்த்துவிட்டேனே.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்ல வேலைக்காரர், அவரைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். இன்ஜினை ஓடவிட்டு, ப்ளக்குகளின் ஒயரை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒயரைக் கழற்றும்போது இன்ஜின் ஓட்டம் குறைந்தால் அந்த ப்ளக் வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்றுக்கும் குறைந்தது. பிறகு ப்ளக்குகளைக் கழற்றினார். நுனியில் கரி படிந்திருந்தது. உப்புத்தாளால் கம்பிகளை மட்டும் இரண்டு தேய்ப்பு தேய்த்து மாட்டினார்.

"ப்ளக்கு மூணும் அடிக்குதுணா. கம்ப்ரசன்தான் கம்மி, உள்ள அழுத்தம் நிக்கல. இன்ஜின பிரிக்கணும்."

"பிரிச்சா?"

"பிரிச்சா தெரியும். சிலிண்டரு தேஞ்சிருந்தா போரு வேல இருக்கும். இல்லன்னா இப்பிடியே யாருக்குனா குடுத்துடுணா. தரையில நல்லாத்தான் ஓடுது, வாங்கறவன் மலைக்கா ஓட்டப் போறான்?"

அந்தக் கடைசிப் பேச்சு என்னைச் சுட்டது. எனக்கு ஏறாத வண்டியை, ஏறும் என்று நினைக்கிறவன் தலையில் கட்டுவதா? "பிரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தரையில் அவ்வளவு அமைதியாக ஓடுகிற இன்ஜின் செத்துப் போயிருக்காது என்று மனசு சொன்னது. அவ்வளவுதான்.

அவர் தேய்த்துக் கொடுத்ததில் வெறும் வண்டி மறுபடியும் ஏறியது, டீச்சர்கள் நடப்பது மட்டும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு பெரிய மேடம் மட்டும் நின்றார்.

"டிரைவரு, நான் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா பிரேயருக்கு நான் போயாவணும். புள்ளைங்க வந்து நின்னுக்கினு இருக்குது, எச்.எம். வளைவுல நடந்துக்கினு இருக்கறன். கரியாலூரு ஜீப்புக்காரர் கேட்டுக்கினே இருக்காரு."

"திங்கக்கெழம வரைக்கும் பாருங்க மேடம்."

"திங்கக்கெழம ஏறுனா சரி. ஏறலன்னா செவ்வாக்கெழமலேந்து ஜீப்பு. கோச்சுக்காத."

அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் சொன்னது நியாயம்.

சனிக்கிழமை மாமா வந்தார். வாசலில் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, சங்கராபுரத்துல ஒருத்தர் இருக்காரு. காய்கறி ஏத்த வண்டி தேடறாரு. நாளைக்கி சாயங்காலம் இட்டுக்கினு வரன்."

"நான் விக்கறன்னு சொன்னனா மச்சான்?"

"நீ இன்னாத்த சொல்றது? ஊரே சொல்லுது. டீச்சருங்க தள்ளுற வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? வெட்டு ஆரம்பிக்குது. டிராக்டரு சும்மா நிக்குது. வெளியாளு போட்டா எனக்கு சரிப்படாது. நம்ம ஆளு நீ."

நம்ம ஆளு. அந்த வார்த்தையில் மறுபடியும் அந்தப் பின்வாசல் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்றே நினைத்துச் சொன்னார். அதில்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. உள்ளேயிருந்து அம்மா காபி கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இட்டுக்கினு வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். ராத்திரி சாப்பாட்டில் அம்மா, "பேசிக்கலாம்னா இன்னா அர்த்தம்?" என்று ஒரு கேள்வி கேட்டாள். நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சீட்டைத் தூக்கி மூன்று ப்ளக்கையும் கழற்றினேன். சிலிண்டர் மாறிவிடாமல் வரிசையாகத் துணியில் வைத்தேன். அப்புறம் அடுப்படிக்கு எடுத்துப் போனேன்.

அம்மா அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இங்க வெக்காத."

சாதாரணமாக 'ங்க' போடுவாள், கோபம் வந்தால் போட மாட்டாள்.

"வேற எங்க சுடறது?"

"சுடாத. அன்னிக்கி மாட்ட பட்டினி போட்ட. இன்னிக்கி எங்கள போடுவியா?"

சண்டை போட நேரமில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக்கொண்டு, பழைய பல் பிரஷால் வாசல் வெயிலில் உட்கார்ந்து கழுவினேன். இதுவரைக்கும் நான் ப்ளக்கைக் கழுவியதே இல்லை. சுடுவேன், தேய்ப்பேன். கழுவக் கழுவ, கம்பியைச் சுற்றி உள்ளே இருக்கும் பீங்கான் வெளுத்தது. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நடு ப்ளக்கை எடுத்துப் பார்த்தாள்.

"முடி ஒட்டிக்கினு இருக்குது பாரு" என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அதற்கும் போகவில்லை.

நான் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். அது முடி இல்லை. பீங்கான் நெடுக ஒரு கீறல். அதற்குள் கரி இறங்கி, கறுப்பு நூல் மாதிரி இருந்தது. மற்ற இரண்டு ப்ளக்கிலும் கீறல் இல்லை, ஆனால் மூன்றிலுமே கம்பி உருண்டு மழுங்கிப் போயிருந்தது.

அம்மாவிடம் கீறலைக் காட்டினேன். பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"கழுநீருல சுர்ருன்னுச்சே, அப்பவா?"

அப்போதுதான். சிவக்கக் காய்ந்த பீங்கானைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வேறு என்ன ஆகும்? சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்று உங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். மெக்கானிக்குக்கு ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. சும்மா நிற்கும்போது இன்ஜினுக்குச் சுமை இல்லை. பொறி சந்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் நெருக்கித் திணிக்கப்படுகின்றன. அந்த நெருக்கத்தில், மழுங்கி அகலமான சந்தைத் தாண்டப் பொறியால் முடியாது. பக்கத்தில், பத்து நாள் ஓட்டத்தில் கரி படிந்த கீறல் சுலபமான வழியாக இருக்கிறது. மின்சாரம் அதன் வழியாக ஓடிவிடும். பொறி இல்லாவிட்டால் அந்த சிலிண்டர் செத்த மாதிரி. மூன்று பேர் இழுக்க வேண்டிய தேரை இரண்டு பேர் இழுத்தால்?

பதினோரு நாள் ஒரு பங்க்குக்காரரைத் திட்டியிருக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போய் நடு ப்ளக்கை மேஜை மேல் வைத்தேன். கடைக்காரர் பெருவிரலால் நுனியைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினி வருசமா போட்டுக்கினு இருக்கீங்க?"

"வாங்குனதுலேந்து."

"இதுவா? இது எப்பவோ ரிட்டயர் ஆகியிருக்கணும். ஒண்ணு போதுமா?"

"மூணும் குடுங்க."

மூன்று தேய்ந்த ப்ளக்கில் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது என்கிற புத்தி எனக்கு அன்றைக்கு எப்படியோ வந்திருந்தது. அவர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, பழைய ப்ளக்கின் மரையோடு புதிதின் மரையை ஒட்டிவைத்துப் பார்த்து, நம்பரும் சரிதான் என்று கொடுத்தார். "சந்தெல்லாம் கரெக்டா வருது, ஆக்சா பிளேட வுட்டு நோண்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். என் முகத்தில் எழுதியிருந்தது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாட்ட ஆரம்பித்தேன். இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். மரை கோணலாக ஏறிவிட்டால் எல்லாம் போச்சு. கை நுழையாத பொந்து அது. மருந்து தெளிப்பானின் பழைய ரப்பர் டியூபில் ஒரு சாண் அறுத்து, அதன் முனையில் ப்ளக்கைச் சொருகி, உள்ளே விட்டு, டியூபையே திருகினேன். நேராக ஏறினால் வழுக்கிக்கொண்டு போகும். கோணலாக இருந்தால் டியூப் வழுக்கிச் சுற்றும், மரை கெடாது. கையால் போகும் மட்டும் போனபிறகுதான் ஸ்பேனர் போட்டேன். அதிலும் முறுக்கித் தள்ளவில்லை, அவசரப்படாமல் அளவாக ஒரு திருகல்.

இரண்டு ப்ளக் ஏறி, மூன்றாவதை டியூபில் சொருகும்போது மாமாவும் சங்கராபுரத்துக்காரரும் வந்துவிட்டார்கள்.

"இன்னா மாப்ள, விக்கற வண்டிய அலங்காரம் பண்ணிக்கினு இருக்க?"

நான் நிமிர்ந்தேன். கையெல்லாம் கிரீஸ்.

"விக்கல மச்சான்."

"நேத்து பேசிக்கலாம்னியே?"

"பேசிக்கினுதான் இருக்கறன். விக்கல."

"ரிப்பேரு ஆயிடுச்சா? மலைக்கி ஏத்திப் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"ஏத்தியே பாக்கல, எந்த தைரியத்துல சொல்ற? நாளைக்கி டீச்சருங்களோட மறுபடியும் நின்னா?"

"நின்னா நான் தள்ளுறன். உங்க டிராக்டர கூப்புட மாட்டன்."

இதை எழுதும்போது இப்போதும் என் குரல் உயர்கிறது. அந்த நிமிஷம் வண்டி ஏறும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மெக்கானிக் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். கீறலும் இருந்து, இன்ஜினும் போயிருக்கலாம். இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் மறுப்பேன் என்று நான் காத்திருந்திருந்தால், வண்டி என் கையை விட்டுப் போயிருக்கும்.

சங்கராபுரத்துக்காரர் சங்கடமாக நின்றார். அவருக்கு வந்த வழிக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "தப்பா நெனைக்காதீங்க. வண்டியில கொற இல்ல, எங்கிட்டதான் கொற. ப்ளக்க அடுப்புல சுட்டு, தண்ணியில போட்டு விரிய வுட்டுட்டன்" என்றேன்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அடுப்புலயா? வேனு ப்ளக்கையா? எவன்யா உனக்கு கத்துக்குடுத்தது?"

"நீங்கதான் மச்சான். கல்யாணம் ஆன புதுசுல, உங்க மொபட்டு ப்ளக்க எங்க வூட்டு அடுப்புலதான் சுட்டீங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. சங்கராபுரத்துக்காரர்தான் சிரித்தார். மாமா தங்கச்சியைப் பார்த்தார், அவள் தனக்காகப் பேசுவாள் என்று. அம்மா நினைத்திருந்தால் மாடு பட்டினி கிடந்த கதையை அவிழ்த்துவிட்டிருக்கலாம். அவள், "காபி போடட்டுமாண்ணா? வண்டி குடுக்கறதில்ல" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில்.

காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

திங்கள்கிழமை காலை. பஸ் ஸ்டாப்பில் ஆறு பேரும் ஏறினார்கள். கணக்கு டீச்சர் செருப்புக்குப் பதிலாகக் கான்வாஸ் ஷூ போட்டு வந்திருந்தது. "நடக்கறதுக்குணா" என்று காலைக் காட்டியது. பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். அணையைத் தாண்டும்போது நல்ல மஞ்சு. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. இவை இரண்டும் எப்போதும் தாண்டுகிறவைதான். மூன்றாவது வளைவு தெரிந்ததும் பெரிய மேடம் பழக்கத்தில் கைப்பையைத் தோளில் மாட்டி, குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கியர் போட்டேன். மிதித்தேன்.

வண்டி சீறியது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். மூன்று சிலிண்டரும் ஒரே குரலில் இழுக்கும் சத்தம். ஒரு உதறல் இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன், ஆறு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், வளைவு பின்னால் போய்விட்டது. நாலாவது வளைவும் போன பிறகுதான் பெரிய மேடம் குடையைக் கீழே வைத்தார்.

"ஷூ வாங்குனது வேஸ்ட்டு" என்றது கணக்கு டீச்சர்.

மேலே சமதளம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எல்லோரும் பயந்துவிட்டார்கள். இப்போது எதற்கு நிற்கிறது என்று.

"ஒண்ணும் இல்ல மேடம். ஒரு விசயம் சொல்லணும். பெட்ரோல்ல கொற இல்ல. நான்தான் ப்ளக்க அடுப்புல சுட்டு கெடுத்துட்டன். உங்கள நடக்க வெச்சது நான்தான்."

பெரிய மேடம் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அப்ப அந்த பங்க்குக்காரர நாம எத்தினி நாளு திட்டுனோம்?"

"பதினோரு நாளு மேடம்."

"நம்ம ஆறு பேரும் சேந்து திட்டியிருக்கோம். போய் சொல்லிட்டு வா. இப்ப வண்டிய எடு, பிரேயருக்கு மணி ஆவுது."

அன்று அவர் பிரேயருக்கு முன்னாலேயே போய்விட்டார். ஜீப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பங்க்குக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எங்கள திட்டாத வண்டி எதுங்க ஓடுது" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார்.

இப்போது வேன் கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் சில தேதிகள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை புது ப்ளக் போட்ட நாள்கள். தேய்வதற்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறேன், ஊதாரி என்று யார் சொன்னாலும் சரி. கழற்றிய ப்ளக்கை அடுப்புப் பக்கம் கொண்டுபோவதில்லை. கொண்டுபோனாலும் அம்மா விட மாட்டாள். அந்த நடு ப்ளக்கை மட்டும் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். கீறல் இன்னும் தெரியும். எடுத்துப் பாருங்கள், முடி மாதிரியே இருக்கும்.

மாமா அந்தக் கதையை மறுபடியும் சொல்வார், அவருக்கு அது பிடித்துப் போய்விட்டது. அவரோடு சேர்ந்து நீங்களும் சிரியுங்கள். டீச்சர்கள் தள்ளியது உண்மைதான், என் தப்பால் தள்ளியதும் உண்மைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எல்லோரும் சிரித்து முடித்ததும் நீங்கள் இரண்டு பேரும் அவரிடம் ஒன்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்.

"அப்புறம் திங்கக்கெழம யாரு மாமா நடந்தாங்க?"